இருபது நிமிஷம்

சங்கரன்கோவிலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கிறவன் நான். பாம்புக்கடி என்று யார் வந்தாலும், கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து ஸ்டாண்டில் நிறுத்திவிடுவேன். இருபது நிமிஷம் கழித்துச் சாய்த்தால், உறையாமல் ஓடினால் விரியன். உறைந்திருந்தால் விரியன் இல்லை. அதுவரை யார் அழுதாலும் எரிந்து விழுவேன். “இருபது நிமிஷம்னா இருபது நிமிஷம். வெளிய போய் இரும்வே!”

எண்பத்து மூன்றில் ஒரு மத்தியானம், என் மனைவி பேச்சித்தாயையே மாட்டுவண்டியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மிளகாய்த் தோட்டத்தில் மயங்கிக் கிடந்தாளாம். முகம் வீங்கிக் கண் மூடிவிட்டது. மூச்சு இழுத்தது. கூட வேலை பார்த்த சங்கரம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“காலுல ரெண்டு பல்லு பதிஞ்சிருந்துச்சு அண்ணாச்சி. பாத்ததுமே புத்துமண்ணக் குழைச்சு அப்பிட்டேன்.”

எங்கள் ஊரில் எந்தக் கடிக்கும் முதல் வைத்தியம் கோயில் புற்றுமண்தான். முழங்கால்வரை அப்பியிருந்தாள். டாக்டரும் அதைத் துடைக்கவில்லை, நானும் துடைக்கவில்லை.

“உடம்பெல்லாம் தடிப்பு இருக்கு. பாம்பா, அலர்ஜியா?” டாக்டர் தடுமாறினார். “சீக்கிரம் ரத்தத்தைப் பாருங்க.”

ரத்தம் எடுத்துக் குழாயை நிறுத்தினேன். இருபது நிமிஷம் காத்திருக்கப் பொறுமையில்லை. ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டுகள் எங்கும் பொடிப்பொடியாகத் தெரிய வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. விரியன் கடித்தவர்களிடம் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

“விரியன்தான் டாக்டர்! விஷமுறிவைப் போடுங்க!”

“குழாய்?”

“அதுக்கு நேரமில்ல, கெஞ்சிக் கேக்கேன்!”

போட்டார். அவள் மூச்சு இன்னும் திணறியது, உதடு நீலம் பாய்ந்தது. பார்க்கப் பொறுக்காமல் என் அறைக்கு ஓடினேன். வேறு எதுவும் செய்யத் தெரியாமல் குழாயை எடுத்துச் சாய்த்தேன். அசையவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. இருபது நிமிஷம் ஆகுமுன்பே நன்றாக உறைந்திருந்தது.

“விரியன் இல்ல!” என்று கத்திக்கொண்டே ஓடி, ஈரப் பஞ்சால் அவள் காலைத் துடைத்தேன். மண்ணுக்கு அடியில், அருகருகே இரண்டு தேனீக் கொடுக்குகள் குத்தி நின்றன. டாக்டர் அலர்ஜிக்குப் போடும் அட்ரினலினை ஏற்றினார். கையைப் பிடித்துப் பார்த்தார். மறுபடி ஏற்றினார். நெஞ்சை அமுக்கினார். அப்புறம் கையை எடுத்துவிட்டார்.

“கடுமையான அலர்ஜியிலயும் பிளேட்லெட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் குறைஞ்சு போகும்,” என்றார் மெதுவாக. “குழாயைப் பாத்திருக்கணும்.”

சங்கரம்மாள் என் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். “நான் மண்ண அப்பாம இருந்திருந்தா பொழச்சிருப்பாளே அண்ணாச்சி!”

“நீ மண்ணைத்தானே தாயி அப்பினே,” என்றேன். “ஊரு ரத்தத்துக்கெல்லாம் இருபது நிமிஷம் காத்துக் கெடந்தவன் நான். இவ ரத்தத்துக்கு நாலு நிமிஷம்கூட இருக்கலியே.”