இடக்கைக் கிற்றார்

உறையின் சிப்பை இழுத்து பேஸ் கிற்றாரை வெளியே எடுத்த மொனிகா அப்படியே நின்றாள். தந்திகள் இடம் மாறியிருந்தன. மேலே இருக்கவேண்டிய மெல்லிய தந்தி கீழேயும், கீழே இருக்கவேண்டிய தடித்த தந்தி மேலேயும் கிடந்தன.

"ஆர் இதைத் தொட்டது?"

பக்கத்து அறையில் செபமாலை நின்றது. அங்கேதான் அப்பா ஏர்னஸ்ற் சவப்பெட்டிக்குள் கிடந்தார். பின்னேரம் கோயிலில் பூசை. பலேர்மோவின் கபோ பகுதியிலிருந்த அந்த வீட்டின் ஒடுங்கிய படிகளால் பெட்டியை எப்படி இறக்குவது என்பதுதான் காலையிலிருந்து எல்லோருக்கும் கவலை. கிற்றாரை யாரும் யோசிக்கமாட்டார்கள் என்று மொனிகா நினைத்திருந்தாள்.

"நான்தான் பிள்ளை, காலமை மாத்தினனான்," என்றார் றொஜர். அம்மாவின் தம்பி. தமிழ்ப் பூசையின் பாடகர் குழு அவர் பொறுப்பில் இருந்தது. "அத்தான்ரை பூசையிலை அவற்ரை கிற்றார் சத்தம் கேக்க வேணும். நான் சோத்துக்கைக்காரன். அதுதான் திருப்பிக் கட்டினனான்."

மன்னாரில் படிக்கும்போது இடக்கையால் எழுதியதற்காக ஏர்னஸ்ற் வாங்கிய அடி கொஞ்சமல்ல. கலியாணம் முடித்த பிறகு அந்தக் கையைத் திருத்தும் வேலையை மனைவி யோசப்பின் எடுத்துக்கொண்டாள். எந்தப் பந்தியிலும் "சனம் பாக்குது, சோத்துக்கையாலை சாப்பிடுங்கோ" என்று காதுக்குள் சொல்லாமல் அவள் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அவரும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு இடக்கையால் அப்பளத்தை நொறுக்குவார்.

பலேர்மோவில் அவர், சிஞ்ஞோரா என்று அழைத்த ஒரு இத்தாலியப் பெண்மணியின் நோயில் படுத்துவிட்ட கணவரைச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்டார். அந்தக் கிழவர் இளமையில் பீற்றில்ஸ் பாட்டுகளை அப்படியே வாசித்துத் திரிந்த ஒரு குழுவில் இருந்தவர். பீற்றில்ஸ்காரர் வாசித்த கிற்றார்களின் படங்கள்தான் அறைச் சுவரெல்லாம். தாடி மழிக்கும்போது ஒவ்வொன்றாகக் காட்டி, எது யாருடையது என்று சொல்லிக்கொடுப்பார். அப்படித்தான் ஒருநாள் ஏர்னஸ்ற் கண்டுபிடித்தார், வயலின் உடம்புள்ள பேஸ் கிற்றாரை வைத்திருப்பவன் இடக்கைக்காரன் என்று.

"உலகமே கைதட்டின பெடியன். அவனுக்கு ஆர் அடிச்சவை?" என்று அன்று வீட்டுக்கு வந்து சிரித்த சிரிப்பு மொனிகாவுக்கு இன்னும் ஞாபகம். கிழவர் இறந்ததும் அந்த வடிவில் செய்த தன் கணவரின் பேஸை சிஞ்ஞோரா ஏர்னஸ்றுக்கே கொடுத்தாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்த உடம்பு. தந்திகளை மாற்றிக் கட்டித் திருப்பிப் பிடித்தால் இடக்கைக்கென்றே செய்ததுபோல இருக்கும். குமிழ்கள் மட்டும் மேல்பக்கம் வந்து முழங்கையில் இடிக்கும். அதற்கும் அவர் சிரிப்பார்.

மொனிகா தடித்த தந்தியைத் தட்டினாள். கழுத்தில் மெல்லிய தந்திக்கென்று இட்ட ஒடுங்கிய வெட்டுக்குள் அது இறங்காமல் கொரகொரத்தது.

"இது அப்பான்ரை சத்தமே, மாமா?"

"கொஞ்சம் இரையும்தான். ஆனா அத்தான் வாசிக்காட்டி அடுத்த அடி எங்கை தொடங்கிறதெண்டு எங்கடை ஆக்களுக்குத் தெரியாது, மொனிகா. அவற்ரை பூசையிலையே குழம்பி நிக்கிறதே?" றொஜரின் குரல் உடைந்தது. அவரும் அழுதுகொண்டுதான் தந்தி மாற்றியிருப்பார் என்பது அவளுக்கு விளங்கியது. விளங்கியும் கோபம் அடங்கவில்லை. கோபத்தை விட்டால் அழவேண்டிவரும் என்று பயந்தாள்.

"அம்மா சொல்லட்டும்," என்றார் றொஜர். தமக்கை தன் பக்கம்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

வாசலில் வந்து நின்ற யோசப்பின் கிற்றாரை நெடுநேரம் பார்த்தாள்.

"பழையபடி கட்டு, றொஜர்."

"அப்ப ஆர் அக்கா வாசிக்கிறது?"

"ஒருத்தரும் வேண்டாம். அந்தக் கையை மாத்தச் சொல்லி நான் ஏசாத ஏச்சில்லை. பெட்டிக்குள்ளை கிடக்கிற மனிசனையும் திருத்தப்போறமே?"

மொனிகா கிற்றாரின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, றொஜர் தந்திகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

கோயிலில் பீடத்துக்கு முன்னால் பெட்டி இருந்தது. பாடகர் குழுவில் ஏர்னஸ்ற் நிற்கும் இடத்தில் கிற்றாரைத் தாங்கியில் நிறுத்தியிருந்தார்கள். முதல் அடி நன்றாகவே போனது. அது முடிந்ததும் றொஜர் பழக்கத்தில் கையை உயர்த்தி கிற்றார் பக்கம் திரும்பினார். கை உயர்ந்தபடியே நின்றது. கீபோட்டிலிருந்து அனிற்றா விரல்களை எடுத்தாள். பாடுபவர்கள் வாயைப் பாதி திறந்தபடி காத்து நின்றார்கள்.

மொனிகாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பாட்டு முடிந்துவிட்டதென்று நினைத்த இத்தாலியச் சுவாமியார் ஒலிவாங்கியை நோக்கிக் குனிந்தார். முன்வரிசையில் இருந்த யோசப்பின், பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை உயர்த்தி அவரைப் பொறுக்கச் சொன்னாள்.