உறங்கியதாகக் கூறப்படுகிறது

வாத்தியார் சிவப்பைக் காட்டினார். எண்பத்தெட்டு. அவன் எழுதி முடித்திருந்த செய்தியில் நூற்றுக்கு எண்பத்தெட்டு பங்கு ஏற்கெனவே வேறு எவனோ எழுதியது என்று அர்த்தம். முப்பதுக்குக் கீழே இறங்காத எதுவும் இணையதளத்தில் ஏறாது. வாத்தியார் என்பது ஆள் இல்லை. காப்பியடித்தால் பிடித்துக் கொடுக்கும் மென்பொருளுக்கு அந்த அலுவலகத்தில் வைத்திருந்த பெயர். அங்கே எல்லோருக்கும் ஒரே வேலைதான். மற்ற தளங்களில் வந்த செய்தியை எடுத்து, தலையை வாலாக்கி, வாலைத் தலையாக்கி, 'இறந்தார்' என்றிருந்தால் 'உயிரிழந்தார்' என்று மாற்றி, வாத்தியார் கண்ணில் மண்ணைத் தூவி ஏற்றிவிட வேண்டும். எதையாவது நேரில் பார்த்து வருவதற்காக அங்கே யாருக்கும் செருப்புத் தேய்ந்ததில்லை.

கையிலிருந்த செய்தி நாலே வரி. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மின்சாரம் போய் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே சிக்கிய முதியவர் மணியை அடித்தும் நெடுநேரம் யாரும் வரவில்லை. மூச்சுத் திணறி இறந்துபோனார். நாலு வரியை எத்தனை தடவைதான் புரட்டிப் போடுவது? புரட்டிப் பார்த்தான். எழுபது. இன்னும் புரட்டினான். ஐம்பத்தொன்று. அதற்கு மேல் வாத்தியார் அசைந்து கொடுக்கவில்லை. புதிதாக ஏதாவது சேர்த்தால்தான் வழி.

யாரும் வரவில்லை என்றால் காவலாளி என்ன செய்துகொண்டிருந்தான்? தூங்கியிருப்பான். காவலாளிகள் வேறு என்ன செய்வார்கள்? 'மணி ஒலித்தபோது குடியிருப்பின் காவலாளி ஆழ்ந்த உறக்கத்தில் இருந்ததாகக் கூறப்படுகிறது' என்று தட்டினான். கூறுவது யார் என்று அந்தத் தொழிலில் யாரும் கேட்பதில்லை. தொடர்ந்து அந்த உறக்கத்தைப் பற்றி இரண்டு பத்தி, காவலாளிகளின் பொறுப்பின்மை பற்றி ஒரு பத்தி. எழுத எழுதக் கோபம் நிஜமாகவே வந்தது. வாத்தியார் பச்சைக்கு மாறினார். அவன் எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தான்.

மதியத்துக்குள் அந்தக் காவலாளி ஊரெல்லாம் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு தளத்தில் நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கினான். இன்னொன்றில் மேசைமேல் காலை நீட்டி. மூன்றாவதில் குறட்டை. எல்லோருக்கும் அவரவர் வாத்தியார் இருந்தார் அல்லவா! பொறுப்பாசிரியர் தன் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"அவனுங்ககிட்ட குறட்டை இருக்கு, நம்மகிட்ட ஏன்யா இல்ல? மொதல்ல போட்டது நாம. இப்ப நாமதான் பின்னாடி நிக்கிறோம்."

அவன் குறட்டையையும் சேர்த்தான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் மாமனார் சீருடையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது. வலது கை முழுக்கக் கட்டு. மாமியார் போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டவர் அவர். சும்மா உட்கார்ந்து சாப்பிட மனமில்லாமல் காவலாளி வேலையில் சேர்ந்தார். எந்தக் குடியிருப்பில் ஆள் வரவில்லையோ அங்கே மாற்று ஆளாக அனுப்புவார்கள். இந்த வாரம் எங்கே என்று சாப்பிடும்போது சொல்லியிருந்தார். அவன் கைபேசியைப் பார்த்தபடியே "ம்" கொட்டியிருந்தான். "மாப்ள, ஒரே செய்திக்கு ஊரெல்லாம் சட்டை மாத்தி மாத்திப் போடுறீங்களே, ஒருநாளாவது துவைப்பீங்களா?" என்று அவனைக் கிண்டலடிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. இன்று கிண்டல் இல்லை.

மனைவிதான் சொன்னாள். "லிஃப்ட்ல செத்துப்போன பெரியவரோட மகன் எங்கப்பாவ அறைஞ்சிட்டான். எல்லார் முன்னாடியும். நாலு பேரு செல்போன நீட்டிக் காட்டுறாங்களாம், தூங்கிட்டு இருந்தியாமேன்னு. போலீஸும் அதையே கேக்குது. வேலையும் போச்சு."

அவன் செருப்பைக் கழற்றுகிறவன்போல் குனிந்து, வெகுநேரம் குனிந்தே இருந்தான்.

"நான் மேல ஓடினேன் மாப்ள," என்றார் மாமனார். அவனிடம் சொல்வதற்காகவே அதுவரை பேச்சைச் சேர்த்து வைத்திருந்தவர்போல் ஆரம்பித்தார். "மொட்ட மாடியில ஒரு ரூம் இருக்கு. அங்க ஒரு சக்கரம். கையால சுத்தினா லிஃப்ட் எறங்கும். போய்ப் பாத்தா பூட்டு. சாவி செக்ரெட்டரிகிட்ட, அவரு ஊர்ல இல்ல. செங்கல்ல எடுத்து அடிச்சு அடிச்சு ஒடச்சேன். அந்தப் பெரியவரு சத்தம் எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. வரேன் சார், வந்துட்டேன் சார்னு கத்திக்கிட்டேதான் சுத்தினேன். கதவத் திறந்தப்போ என் மேலதான் சாஞ்சாரு."

"கேமரா இருக்குமே மாமா."

"இருக்கு, பேருக்கு. ஓடல." கட்டுப் போட்ட கையை மடியில் திருப்பி வைத்துக்கொண்டார். "நீங்க அந்த வேலையிலதானே இருக்கீங்க. சொல்லி மாத்த வைங்க. நான் வேற யாரப் போய்க் கேப்பேன்?"

சொல்லிவிடலாம் என்று அந்தக் கணத்தில் தோன்றியது. மனைவி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எவனாவது விவரமில்லாதவன் எழுதியிருப்பான் மாமா. நான் பாத்துக்கிறேன்," என்றான்.

மறுநாள் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அதை எழுதினான். பூட்டிய அறை, ஊரில் இல்லாத செயலாளர், செங்கல், கிழிந்த உள்ளங்கை. ஒரு சொல்லையும் புரட்ட வேண்டியிருக்கவில்லை. வாத்தியாரிடம் கொடுத்தான். பூஜ்யம். இத்தனை வருஷத்தில் அந்த எண்ணை அவன் பார்த்ததே இல்லை. பக்கத்து இருக்கைக்காரன் எட்டிப் பார்த்து, "மெஷின் கெட்டுப் போச்சா?" என்றான்.

பொறுப்பாசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வேற எவன்கிட்டயும் இல்லையே."

"அதனாலதான் சார். நாமதான் சரியா போடுறோம்."

"எல்லாரும் தூங்கினான்கிறான். நாம மட்டும் ஓடினான்னு போட்டா, செக்யூரிட்டி கம்பெனிகிட்ட காசு வாங்கிட்டியான்னு கேப்பான். இன்னும் நாலு பேரு போடட்டும், நாமளும் போடலாம்."

"அவங்க நம்மளப் பாத்துத்தான் சார் போட்டாங்க. நான் சும்மா சேத்தது அது."

"தெரியும்." அவர் சிரிக்கவில்லை. "அது உனக்கும் எனக்கும் தெரிஞ்சதோட இருக்கட்டும். போய் வேலையப் பாரு. ஏறினத எடுக்கிற சாவி என்கிட்டத்தான் இருக்கு, நான் எடுக்கப்போறதில்ல."

புதிதாக எழுதியதை அழித்துவிட்டார். அவன் வாதாடியிருக்கலாம். வேலையை விட்டெறிந்துவிட்டு வந்திருக்கலாம். இரண்டும் செய்யாமல் தன் இருக்கைக்குப் போய், சாயங்காலம்வரை வேறு செய்திகளைப் புரட்டிப் போட்டான். அதில் ஒன்று, காவலாளிகள் ஏன் தூங்குகிறார்கள் என்பது. நிறைய பேர் படித்தார்கள்.

வீட்டில் அப்பாவும் மகளும் கட்டிலில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவள் கையில் கைபேசி. மாமனார் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். காரியம் ஒன்று கிடைத்துவிட்ட தெளிவு முகத்தில் இருந்தது.

"என்ன பண்றீங்க?" என்றான்.

"மொதல்ல எழுதினவன் யாருன்னு தேடுறோம்," என்றாள் அவள். "எல்லாத்துலயும் எத்தன மணிக்குப் போட்டாங்கன்னு இருக்கு. ஒவ்வொண்ணாப் பின்னாடி போய்க்கிட்டே இருக்கோம். காலையிலேர்ந்து இதே வேலைதான்."

"கண்டுபிடிச்சு என்ன மாமா பண்ணப் போறீங்க? விடுங்க."

"அடிக்கவா போறேன்? ஒரே ஒரு கேள்வி மாப்ள. நான் தூங்குறத நீ எங்க நின்னு பாத்தேன்னு கேக்கணும். பாத்திருந்தா நீயாவது மேல ஓடியாந்திருக்கலாமேன்னு கேக்கணும். அவ்ளோதான்." மகளைத் தட்டினார். "நீ படிம்மா."

அவள் படித்தாள். குறட்டை வந்தது. காலை நீட்டியது வந்தது. ஒவ்வொன்றையும் அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், வேறு யாரோ ஒருவரைப் பற்றிய செய்திபோல. "இதுக்கு முந்தி?" என்பார். அவள் விரலால் தள்ளுவாள். நேரம் மதியத்திலிருந்து காலைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவன் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றான். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"அவ்ளோதான்ப்பா. எல்லாம் பாத்தாச்சு. இவன்தான் போல, கடைசி."

"அதுக்கு முந்தி ஒண்ணும் இல்லையா?"

"இல்ல." பிறகு அவள் குரல், லேசான சிரிப்போடு, "உங்க மாப்ள தளத்த மட்டும்தான் பாக்கல. நம்ம வீட்டு ஆபீஸாச்சே, அதுல எங்க இருக்கப் போகுதுன்னு விட்டுட்டேன்."

"அதையும் பாத்துடும்மா. கணக்குக்கு."

அவன் குழாயை மூடிவிட்டுச் சமையலறை வாசற்படியில் வந்து நின்றான். இருவரும் தலை முட்டக் குனிந்திருந்தார்கள். திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சம் மாமனாரின் வீங்கிய கன்னத்தில் விழுந்தது. அவர் தலை நிமிர்த்தி, அவனைப் பார்த்து, கட்டுப் போட்ட கையால் பக்கத்தில் இடத்தைத் தட்டினார்.

"வாங்க மாப்ள, உக்காருங்க. திறக்குது."