விட்டம் எட்டு மீட்டர்

அந்தப் பறவை ரவுண்டானாவில் ஏறி உட்கார்ந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, ஒரு ஆளைக் கொன்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நல்ல வெளிச்சம். மெத்தை ஏற்றிய லாரி ஒன்று வட்டத்தைச் சுற்றித் திரும்பியது. மெத்தைகளுக்கு மேலே ஒரு சுமைதூக்கும் தொழிலாளி கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பறவையின் இடது சிறகு சாலைக்கு மேலே மூன்று மீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் இரும்பு அவர் பிடரியில் அடித்தது. லாரி போய்விட்டது. ஆள் மட்டும் சிறகில் ஒரு கணம் மாட்டித் தொங்கி, தொப்பென்று தார் ரோட்டில் விழுந்தார். பின்னால் வந்த பைக்குக்கு ஒதுங்க நேரமில்லை.

எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று கணவனின் கைவேலையைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவள் மேனேஜர். அவள் பெயர் அதுவல்ல. கணவனின் வெல்டிங் பட்டறையில் போனை எடுப்பது, ஆள் வந்தால் பதில் சொல்வது, அளவுகளைக் குறித்து வைப்பது எல்லாம் அவள்தான் என்பதால் எல்லாரும் அப்படிக் கூப்பிட்டார்கள். உட்கார நாற்காலிகூட இல்லாத மேனேஜர். படம் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

ஜனங்கள் ஓடி வந்தார்கள். அடிபட்டவரைத் தூக்கியவர்கள் நாலு பேர், அடிக்க ஆள் தேடியவர்கள் நாற்பது பேர். பறவையைத் தூக்கி வைத்த கிரேன் ஓட்டுநர் சாமர்த்தியமாக நழுவிவிட்டார். சிறகின் கடைசித் திருகை முடுக்கிவிட்டு ஏணியில் இறங்கிக்கொண்டிருந்த அவள் கணவர் வெல்டர்தான் அகப்பட்டார். ஏணியோடு கீழே இழுத்தார்கள். ஹெல்மெட்டாலேயே தலையில் போட்டார்கள். மேனேஜர் கூட்டத்துக்குள் புகுந்து அவர் மேல் விழுந்தாள். அவள் முதுகிலும் நாலு உதை விழுந்தது.

அந்தப் பறவை வந்த கதையே அடிதடியில் ஆரம்பித்ததுதான். ரவுண்டானாவில் என்ன வைப்பது என்று மாநகராட்சியில் ஒரு குழு போட்டு ஏழு தடவை கூடினார்கள். கடிகாரம் வைக்கலாம் என்றார் ஒருவர். நின்றுபோனால் நம் மானம் போகும் என்று அதைக் கைவிட்டார்கள். நீரூற்று என்றார் இன்னொருவர். குழாயில் தண்ணீர் வராத அன்றைக்கு ஜனங்கள் குடத்தோடு அங்கே வந்து நிற்பார்கள் என்று அதையும் விட்டார்கள். தலைவர் சிலை என்ற பேச்சு வந்தபோது எந்தத் தலைவர் என்பதில் ஆரம்பித்து, நீட்டிய விரல் எந்தச் சாலையைக் காட்டுவது என்பதில் முற்றி, ஒருவர் தண்ணீர் ஜாடியைத் தூக்கி எறிய, இன்னொருவர் நெற்றியில் ஆறு தையல். கடைசியில் பறவை. பறவை யார் மனதையும் புண்படுத்தாது என்று குறிப்பில் எழுதினார்கள். எழுதின கையை வெட்டவேண்டும்.

சிற்பி ஒருவர் ஒரு முழ உயரத்துக்குக் களிமண்ணில் மாதிரி செய்து மேசைமேல் வைத்துவிட்டு, கைகுலுக்கிவிட்டு, ஊருக்குப் போய்விட்டார். அதைப் பெரிதாக இரும்பில் செய்யும் வேலை வெல்டருக்கு வந்தது. வேலையை மேற்பார்வை பார்த்த சாலைப் பிரிவு இன்ஜினியர் மேனேஜரின் கூடப்பிறந்த அண்ணன். மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து செய்த வேலை என்று ஊரே சொல்லவேண்டும் என்று அவளுக்கு ஆசை. இப்போது ஊரே சொல்கிறது.

சாயங்காலம் இறந்தவரின் கூட்டாளிகள் இருபது பேர் பட்டறைக்கு வந்தார்கள். வெல்டிங் மெஷினைத் தூக்கி நடு ரோட்டில் போட்டு உடைத்தார்கள். பட்டறைக் கூரைத் தகரத்தைக் கொக்கியால் இழுத்துக் கிழித்தார்கள். வேலை ஆட்கள் இரண்டு பேரும் பின்பக்கச் சுவரேறிக் குதித்து ஓடினவர்கள்தான், திரும்பவில்லை. போலீஸ் வந்தபோது உடைக்க எதுவும் மிச்சமில்லை. எஸ்.ஐ. தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்த வெல்டரைப் பார்த்தார்.

"அளவு யார் குடுத்தது, வெட்டினது யாரு, எனக்கு எழுத்துல வேணும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஸ்டேஷனுக்கு வாங்க. ஒருத்தன் உள்ள போகணும், அது யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். தன் போன் நம்பரை மேனேஜரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போன பத்தாவது நிமிடம் அண்ணன் போன் செய்தார். மேனேஜர்தான் எடுத்தாள்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கார் உன் புருஷன்? விட்டம் எட்டு மீட்டரைத் தாண்டக் கூடாதுன்னு உன்கிட்டதானே சொன்னேன்? பதினாறு மீட்டர் இருக்கேம்மா முனைக்கு முனை!"

அன்றைக்குக் காதில் விழுந்ததை அவள் மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்.

மாநகராட்சி கொடுத்த மூலப் படத்தில் ஒவ்வொரு சிறகுக்கும் நடுவே ஓடும் இரும்பு ஐந்து மீட்டர். நடுத்தூணிலிருந்து இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. ரவுண்டானாத் திட்டின் அகலமும் பத்துதான். போக்குவரத்துப் போலீஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, சிறகு திட்டின் விளிம்பு வரை வரக்கூடாது, சுற்றிலும் ஒரு மீட்டர் உள்ளே தள்ளி நிற்கவேண்டும் என்றார்கள். புதுப் படம் கையெழுத்தாகி வர நாளாகும். அதனால் அண்ணன் போனில் சொன்னார். சொன்ன நேரத்தில் பட்டறையில் கிரைண்டர் அலறிக்கொண்டிருந்தது. பாதி காதில் விழவில்லை. விழுந்த பாதியில் 'விட்டம் எட்டு மீட்டர்' இருந்தது. 'தாண்டக் கூடாது' என்பதும் இருந்தது.

பட்டறையில் விட்டம் என்றால் ஒன்றுதான், பாரம் தாங்கும் நீட்டு இரும்பு. 'விட்டத்தைப் பிடி', 'விட்டத்துல துளை போடு', 'விட்டம் கால்ல விழுந்துடப் போகுது' என்று நாள் முழுக்கக் கேட்ட காது அவளுடையது. வட்டத்துக்கும் விட்டம் உண்டு, ஆரம் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் பரீட்சை எழுதிய கையோடு போய்விட்டது. இன்ஜினியர் சொன்னது வட்டத்தின் விட்டம். அவள் கொண்டுபோய்ச் சேர்த்தது கூரையைத் தாங்கும் விட்டம்.

"என்னங்க, விட்டம் எட்டு மீட்டராம். அண்ணன் சொல்லச் சொன்னாங்க" என்றாள் அன்றைக்கு. அவ்வளவுதான் சொன்னாள். 'தாண்டக் கூடாது' என்ற வார்த்தையைச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

வெல்டர் முகமூடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தார். "அஞ்சு எட்டாச்சா? அப்படிப் போடு! அஞ்சு மீட்டர் சிறகு வெச்சா அது பறவை இல்ல, கோழின்னு நான் அப்பவே சொன்னேன்!"

போனை வைத்தபிறகு அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சொல்லிவிட்டால் கணவன் கொன்றுவிடுவார். சொல்லாவிட்டால் கணவனோ அண்ணனோ ஜெயிலுக்குப் போவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளம் பேசாது, அதனால் அதற்குக் கவலையில்லை. இவளுக்கு வாய் இருந்தது. அதுதான் தொல்லை.

மறுநாள் காலை அண்ணன் கிழிந்த கூரைக்குக் கீழே வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"மாப்பிள்ளை, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. 'பெற்றுக்கொண்டேன்'னு."

வெல்டர் வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தார். சிற்பத்தின் மொத்த விட்டம் எட்டு மீட்டருக்கு மிகக்கூடாது என்று இருந்தது. தேதி இரண்டு வாரத்துக்கு முந்தையது.

"இந்தத் தாளை இப்பதானே மச்சான் பாக்கறேன்?"

"தாளை இப்ப பாக்கறீங்க. விஷயத்தை அன்னைக்கே போன்ல சொல்லிட்டேன்ல?"

"சொன்னீங்க. விட்டம் எட்டுன்னீங்க. எட்டுதான் வெட்டியிருக்கேன். டேப்பைப் போட்டு அளந்து பாருங்க, ஒரு நூல் கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"ஐயோ, முழுப் பறவைக்கும் விட்டம்யா! இந்த முனையிலேர்ந்து அந்த முனைக்கு!"

"விட்டம்னா இதுய்யா!" என்று கீழே கிடந்த இரும்பை உதைத்துக் காட்டினார் வெல்டர்.

"நாலு எழுத்துப் படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார் அண்ணன்.

அந்த வார்த்தை மட்டும் வராமல் இருந்திருந்தால் அன்றைக்கு ரத்தம் சிந்தியிருக்காது. வெல்டர் மச்சானின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு மோதினார். அண்ணனும் சும்மா இல்லை. கையில் கிடைத்த பட்டை இரும்பால் வெல்டரின் தலைக் கட்டின்மேலேயே வீசினார். தையல் பிரிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. வெல்டர் பாதிக் குருடாகத் தடவி, மச்சானின் வலது கையைப் பிடித்துப் பட்டடைக்கல்லின்மேல் வைத்து அழுத்தினார்.

"இந்தக் கைதானே முன்தேதி போட்டுச்சு?"

சுத்தியல் இறங்கியது. இரண்டு விரல் நசுங்கிய சத்தம் மேனேஜருக்குத் தெளிவாகக் கேட்டது. அண்ணன் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் மூடிக்கொண்டன. அவர் கீழே சரிந்தார். வெல்டர் சுத்தியலை மறுபடி ஓங்கினார். இந்தமுறை தலைக்கு.

"நான்தாங்க!" என்று கத்தினாள். "அண்ணன் தாண்டக் கூடாதுன்னு சொன்னாங்க. என் காதுல விழுந்துச்சு. நான்தான் உங்ககிட்ட சொல்லாம விட்டேன். அவங்க சொன்ன விட்டம் வேற, நான் சொன்ன விட்டம் வேற. அவங்களை விட்டுடுங்க, அடிக்கணும்னா என்னை அடிங்க!"

சுத்தியல் காற்றில் நின்றது.

அடி விழும் என்று கண்ணை மூடினாள். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது வெல்டர் மச்சானைக் கைத்தாங்கலாகத் தூக்கி பெஞ்சில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். தன் தோள்துண்டைக் கிழித்து அவர் விரலில் சுற்றினார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள். முதலில் பேசியது அண்ணன்தான்.

"போன் எடுத்தது தங்கச்சிதானே... அதையே வாக்குமூலமா எழுதிடலாம் மாப்பிள்ளை. என் பக்கமும் சுத்தம், உங்க பக்கமும் சுத்தம். இந்தத் தாளும் அப்புறம் வேண்டாம்."

"பொம்பளைன்னா ஜாமீன் சீக்கிரம் குடுத்துடுவாங்க, இல்ல மச்சான்?"

"ஒரே வாரம்."

"காது சரியாக் கேக்காதுன்னு போட்டுக்கலாம். இடது காது அவளுக்கு எப்பவுமே கொஞ்சம் மந்தம்தான்."

அவளுக்குக் காதில் ஒரு குறையும் கிடையாது. இப்போது அவர்கள் பேசியதில் ஒரு எழுத்துகூடத் தவறாமல் கேட்டது. பழியை ஏற்க அவள் தயாராகத்தான் இருந்தாள். அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு மனுஷன் செத்துப்போனதிலிருந்து இவர்கள் இரண்டு பேரும் கைகழுவ அவள் தண்ணீர் ஊற்றவேண்டுமா? போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து எஸ்.ஐ. நம்பரை அழுத்தினாள்.

"சார், நான் வெல்டர் சம்சாரம். எழுத்துல கேட்டீங்களே, நான் சொல்றேன், பேப்பர் பேனா எடுத்துக்கோங்க. மூணு பேரு சார். முதல் ஆள் நான். தாண்டக் கூடாதுன்னு அண்ணன் சொன்னதைப் புருஷன்கிட்ட சொல்லாம விட்டேன்."

பெஞ்சில் இரண்டு பேரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டாவது என் அண்ணன். ஒரு ஆளோட உயிர்ப் பிரச்சினையை எழுத்துல குடுக்காம வாயால சொன்னார். நேத்து உக்காந்து முன்தேதி போட்டு ஒரு தாள் தயார் பண்ணியிருக்கார். அது இங்க பட்டறைத் தரையிலதான் கிடக்கு."

அண்ணன் அடிபட்ட கையோடு பாய்ந்து தாளைப் பொறுக்கினார். வெல்டர் எழுந்தார்.

"மூணாவது என் புருஷன். சிறகு ரோட்டுக்கு மேல வருதுன்னு கிரேன்காரர் சொன்னார் சார், நான் பக்கத்துல நின்னேன். 'இன்ஜினியர் குடுத்த அளவு, நீ தூக்கு'ன்னு சொன்னது இவர்தான்."

முதல் அறை காதோடு சேர்ந்து விழுந்தது. போன் தெறித்துப் போய்ப் படிக்கட்டில் கிடந்தது. அவள் குனிந்து எடுப்பதற்குள் இரண்டாவது அடி முதுகில் விழுந்தது. உதடு கிழிந்திருந்தது. போனின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, ஆனால் லைன் போகவில்லை. எதிர்முனையில் எஸ்.ஐ. "ஹலோ, ஹலோ, என்னம்மா சத்தம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வெல்டர் அவள் தலைமுடியைப் பிடித்தார். அவள் போனை இரண்டு கையாலும் வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்ல சார். எழுதிட்டீங்களா? நீங்க எழுதினதை ஒரு தடவை எனக்குத் திருப்பிப் படிச்சுக் காட்டுங்க. ஒரு வார்த்தை விடாம."