பின் சீட்டில் நெல் மூட்டை

எனக்கு ஸ்கூட்டரில் உட்காரத் தெரியாதாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் தீர்ப்பாகியிருந்தது.

தீர்ப்புச் சொன்னவர் என் மாமனார் ஆதிநாராயணன். ஊரில் வரப்புத் தகராறு என்றால் இரண்டு தரப்பையும் வெயிலில் நிற்க வைத்துக் கேட்பார். வீட்டு விஷயத்துக்கு மட்டும் ஒரு தரப்பே போதும் அவருக்கு. அந்த ஒரு தரப்பு, அவருடைய மகனும் என் வீட்டுக்காரருமான பரசுராமன். "வண்டியில ஒன்னும் கோளாறு இல்ல நைனா" என்று அவர் சொன்னதோடு விசாரணை முடிந்துவிட்டது.

நடந்தது இதுதான். எழுபத்து நாலாம் வருஷம், திருவள்ளூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு ஆபரேட்டர் வேலை. தற்காலிகம்தான், ஆனாலும் என் வேலை. காலை டூட்டி ஏழு மணிக்கு. எங்கள் ஊருக்கு முதல் பஸ் எட்டுக்கு மேல்தான் வரும். அதனால் என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அப்படியே காக்களூரில் அவர் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் போவார். ஒரு நாள் காலை ஏரிக்கரை வளைவில் என் சீட்டு திடீரென்று ஒரு பக்கமாக உதறியது. அடுத்த நொடி நான் ரோட்டில் கிடந்தேன். முழங்கை சிராய்த்து, புடவை கிழிந்து போயிற்று. அவர் விழவில்லை, வண்டியும் விழவில்லை. கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ஒயுங்கா குந்தத் தெரியாம உழுந்தா வண்டி இன்னா பண்ணும்?" என்றார் மாமா. "பேஜாரு புடிச்ச வேல. நின்னுடும்மா."

வேலையை விடுவதா? எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. எட்டு மாதமாக அதே சீட்டில், அதே பக்கமாக, அதே ரோட்டில் போய்வருகிறேன். எந்த நாளில் எனக்கு உட்கார மறந்து போயிற்று?

விழுந்த நாளிலிருந்து நான் டூட்டிக்குப் போகவில்லை. எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசர் விக்டோரியா நல்லவள்தான். ஆனாலும் கையை விரித்துவிட்டாள். "திங்கக்கிழமை காலை டூட்டிக்கு வந்துடு அஞ்சம்மா. வரலைன்னா வேற பொண்ணைப் போட்டுருவாங்க, என்னால தடுக்க முடியாது" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கையில் இருந்தது சனியும் ஞாயிறும்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. லைன் கரகரத்தால், கூப்பிட்டவருக்குப் பேசத் தெரியவில்லை என்று விட்டுவிட மாட்டோம். ஒயரை மாற்றிப் பார்ப்போம், போர்டை மாற்றிப் பார்ப்போம். எதை மாற்றும்போது இரைச்சல் நிற்கிறதோ அதில்தான் கோளாறு. ஸ்கூட்டருக்கு மட்டும் வேறு நியாயமா என்ன?

சனிக்கிழமை முழுக்க யோசித்தேன். நேர் ரோட்டில் முறுக்கிக்கொண்டு போகும்போது வண்டி ஒழுங்காகத்தான் போகும். வளைவு வந்து அவர் ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தினால் உடனே உதறும். அதுவும் முதலில் என் சீட்டுக்குக் கீழே ஆடும், அப்புறம்தான் ஹேண்டிலுக்குப் போகும். ஓட்டுகிறவருக்குக் கை ஆடுவதுதான் தெரியும். பின்னால் இருப்பவளுக்கு அது எங்கே தொடங்குகிறது என்று தெரியும். ஆனால் பின்னால் இருப்பவளை யாரும் கேட்கவில்லை.

மெக்கானிக் துலுக்காணமும் கேட்கவில்லை. நான் விழுந்த மறுநாள் என் வீட்டுக்காரர் வண்டியைக் கொண்டுபோய் "ஹேண்டில் ஆடுது" என்றிருக்கிறார். துலுக்காணமும் ஹேண்டிலைப் பிரித்து, கிரீஸ் வைத்து, தனியாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு "வண்டி தங்கம்" என்று சொல்லிவிட்டார். தனியாக ஓட்டினால் தங்கமாகத்தான் இருக்கும். பின்னால் பாரம் ஏறினால்தானே அதன் குணம் தெரியும்!

ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவிடம் போய் நின்றேன்.

"மாமா, துலுக்காணத்தை வரச் சொல்லுங்க. ஒரு மூட்டை நெல்லு குடுங்க."

"நெல்லு இன்னாத்துக்கு?"

"என் எடத்துல அத்த வெச்சுக் கட்டி ஓட்டிப் பாக்கட்டும். நெல்லு மூட்டைக்குக் குந்தத் தெரியலன்னு சொல்ல மாட்டீங்களே?"

மாமா ஒரு கணம் என்னை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். நெல் சம்பந்தப்பட்ட எதிலும் அவருக்கு ஆர்வம் வந்துவிடும். அவரே குதிரிலிருந்து அள்ளிக் கொட்டினார். முழு மூட்டை அளவுக்கு நான் கனமில்லை என்று பாதியில் தடுத்தேன்.

என் வீட்டுக்காரருக்குத்தான் இதில் இஷ்டமில்லை. "பெட்ரோல் இல்ல" என்றார். வண்டியை ஆட்டிக் காட்டினேன், டேங்கில் சளக் சளக்கென்றது. "மூட்ட நழுவிடும்" என்றார். ஸ்டெப்னியோடு சேர்த்துத் தாம்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். வேறு வழியில்லாமல் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார்.

களத்து மேட்டை ஒட்டி ரோடு வளைகிற இடம். மாமா, துலுக்காணம், நான் மூன்று பேரும் வளைவில் நின்றோம். என் வீட்டுக்காரர் மாட்டு வண்டி வேகத்தில் வந்தார்.

"டூட்டிக்குப் போற வேகத்துல வாங்க!" என்று கத்தினேன்.

மறுபடி வந்தார். வளைவில் முறுக்கைத் தளர்த்தினார். பின்பக்கம் லேசாக ஒரு உதறு உதறி அடங்கிவிட்டது.

"பாத்தியா? ஒன்னும் ஆவல" என்றார் மாமா.

"நான்தான் சொன்னேனே, வண்டி தங்கம்" என்றார் துலுக்காணம்.

"அப்ப நீங்க ஓட்டுங்க."

துலுக்காணம் மீசையைத் தடவிக்கொண்டு ஏறினார். நல்ல வேகத்தில் வந்தார். வளைவில் கையைத் தளர்த்தினார். வண்டியின் பின்பக்கம் இடது புறமாகத் துள்ளியது, ஹேண்டில் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. அவர், வண்டி, நெல் மூட்டை எல்லாம் சேர்ந்து வைக்கோல் போருக்குள் போய்ச் சேர்ந்தன. நல்ல வேளை, அங்கே போர் இருந்தது.

தலையெல்லாம் வைக்கோலோடு எழுந்தவர் யாரையும் பார்க்கவில்லை. வண்டியை நிமிர்த்தி ஸ்டாண்டு போட்டு, குந்தி உட்கார்ந்து பின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளினார். சக்கரம் எஞ்சினோடு சேர்ந்து அசைந்தது.

"புஷ்ஷு பூட்ச்சுங்க. எஞ்சின பாடியோட சேத்துப் புடிக்கிற ரப்பரு. சுத்தமா நைஞ்சுகுது. முறுக்குனா சக்கரம் இந்தப் பக்கம் போவும், உட்டா அந்தப் பக்கம் வரும். பின்னாடி ஆளு இருந்தா கேக்கவே வாணாம்." அவர் என் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தார். "சார், ஹேண்டில்னுதானே சொன்னீங்க? பின்னால ஆடுதுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

என் வீட்டுக்காரர் மூட்டையை அவிழ்க்கப் போனார்.

மாமா தொண்டையைச் செருமினார். "வண்டி மேலதான் தப்பு. இன்னிக்கே மாத்திடு துலுக்காணம். அஞ்சம்மா, நாளைக்கு நீ வேலைக்குப் போ."

நான் ஜெயித்துவிட்டேன். சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. ஒரே வண்டி, ஒரே மூட்டை, ஒரே வளைவு. மாறியது ஓட்டியவர் மட்டும். இருபது வருஷமாக வண்டியோடு புழங்குகிற மெக்கானிக் விழுந்தார், ஆபீஸ் வேலை பார்க்கிற இவர் விழவில்லை. ஏன்? இவர் வளைவுக்கு முன்னாலேயே உடம்பைச் சாய்த்துத் தயாராக வந்தார். அது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. வண்டி எந்த நேரத்தில் எந்தப் பக்கம் உதறும் என்பது அவருக்கு மனப்பாடம்.

சாயங்காலம் கிணற்றடியில் கேட்டேன். "எப்பத்திலேருந்து தெரியும்?"

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். கழுவக் கழுவ முகம் முடியவில்லை.

"பொங்கலுக்கு முன்னாடியே" என்றார் கடைசியில். "பழைய வண்டி வாணாம்னு நைனா தலபாடா அட்ச்சிக்கினாரு. நான்தான் புடிவாதமா வாங்குனேன். கோளாறுன்னு தெரிஞ்சா அன்னிக்கே வித்துட்டிருப்பாரு."

"அதனால எனக்குக் குந்தத் தெரியலன்னு சொன்னீங்க."

"நான் சொல்லல. நைனா சொன்னாரு. நான் சும்மா இருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. முழங்கைக் காயத்துக்குக்கூட நான் அழவில்லை. வண்டியைக் காப்பாற்ற என்னை விட்டுக்கொடுத்திருக்கிறார். என் வேலை போனாலும் பரவாயில்லை, ஸ்கூட்டர் வீட்டில் நிற்க வேண்டும்.

"நைனா கிட்ட சொல்லுங்க."

"அதான் எல்லாம் சரியாப் பூட்ச்சே! இனிமே இன்னாத்துக்கு?"

"சொல்ற வரைக்கும் நான் அந்த வண்டில ஏற மாட்டேன்."

நான் சும்மா மிரட்டுகிறேன் என்று நினைத்திருப்பார். திங்கட்கிழமை விடியும்போதே சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டேன். வேகமாக நடந்தால் ஏழுக்குள் போய்விடலாம் என்று ஒரு கணக்கு. கொஞ்ச நேரத்தில் பின்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

"ஏறு அஞ்சம்மா. புது புஷ்ஷு போட்டாச்சு. இப்ப ஆடாது."

"ஆடாதுன்னு எனக்கும் தெரியும்" என்று நடந்தேன்.

ஓட்டிக்கொண்டு போகவும் மனசில்லை, திரும்பிப் போகவும் மனசில்லை அவருக்கு. எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தார். கம்பெனிக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. நிற்கவில்லை.

பாதி வழியில் எங்கள் கழனி. மாமா பம்புசெட்டுக்குப் பக்கத்தில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார்.

"இன்னாடா, வண்டிய தள்ளிக்கினு போற? ரிப்பேரு இன்னும் போவலியா?"

நான் நின்றேன். இவரும் நின்றார். ரிப்பேர் என்று சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம். என்னைப் பார்த்தார். நான் பார்வையை மாற்றவில்லை.

"வண்டி நல்லாத்தான் கீது நைனா" என்றார். "அது ஆடுனது எனக்கு மொதல்லயே தெரியும். வித்துடுவீங்கன்னு பயந்துகினு சொல்லல. அஞ்சம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

மாமா வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். மகனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நான் உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும்மா." பிறகு மகனிடம், "டூட்டிக்கு நேரமாவுது, இட்டுக்கினு போ. வண்டி விசயம் சாயங்காலம் பேசிக்கலாம்" என்றார். அவர் சாயங்காலம் பேசலாம் என்றால் லேசான விஷயமில்லை.

நான் ஏறிக்கொண்டேன். வண்டி ஏரிக்கரை வளைவில் சாய்ந்து, ஒரு அசைவும் இல்லாமல் திரும்பியது. "வித்துடுவாருன்னு நெனைக்கிறியா?" என்று முன்னாலிருந்து கேட்டார். எனக்குக் கோபம் முழுசாக ஆறவில்லை. "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.

விற்றாலும் விற்பார். விற்கட்டும். பாதி வழி நடந்து பார்த்தாயிற்று, மீதி வழி மட்டும் என்ன செய்துவிடப் போகிறது?