தலைவர் வீட்டுப் பெட்டி

"வயரைப் புடுங்கு!"

மாமனார் போட்ட சத்தத்தில் மாமியார் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்து உருண்டது. மருமகள் ஜன்னலோரம் இருந்த இணையப் பெட்டியை மறைத்து நின்றாள்.

வெளியே, மதிலை ஒட்டி, சாக்கடை அள்ளும் பெண் கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். அவள் காலடியில் புருஷன் காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். திரையில் நகரத்து டாக்டரம்மா பேசிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு நிமிஷம். மருந்து சொல்லிட்டு இருக்காங்க."

"ஊர்ச் சாக்கடையெல்லாம் என் வீட்டு மதில்லதான் வந்து சாயணுமா? தள்ளு!"

அவரே பிடுங்கினார். 'அந்த வலி மாத்திரைய மட்டும்...' என்ற டாக்டரம்மாவின் குரல் அப்படியே அறுந்தது.

"அம்மா! குடுக்கச் சொன்னாங்களா, வேணாம்னாங்களா?" என்று வெளியிலிருந்து பதறினாள் அவள்.

மருமகளுக்கும் தெரியவில்லை. மாமனார் ஜன்னலைச் சாத்தினார்.

அந்தப் பெட்டி அவர் வீட்டுச் சொத்தல்ல. வீட்டுக்கு வீடு இணையம் என்று அரசாங்கம் திட்டம் போட்டு, கைபேசிக் கோபுரம் எட்டாத அந்த ஊருக்கு மலையைக் குடைந்து கம்பி இழுத்து அனுப்பியது. பொதுக்கட்டடம் எழும்பும்வரை ஊராட்சித் தலைவரான மாமனார் வீட்டில் இருக்கட்டும் என்று வைத்தார்கள். கட்டடமும் எழும்பவில்லை, பெட்டியும் நகரவில்லை. பெரிய தெருவில் வீடு தவறாமல் கம்பி போயிற்று. கீழத் தெருவுக்குத் திரும்பும் முக்கிலேயே தலைவர் வேலையை நிறுத்திவிட்டார். "அவனுங்களுக்கு எதுக்குய்யா கம்பி? சாக்கடையில தூண்டில் போடவா?" என்றார். கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கீழத் தெருக்காரர்கள் மதிலோரம் வெயிலில் நின்று, பெட்டியிலிருந்து கசிகிற இணைய அலையைப் பிடித்துக்கொண்டார்கள். அதுதான் அவருக்குக் கண்ணில் விழுந்த தூசி.

அன்றிரவு புருஷன் வலியில் துடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் அந்தப் பெண் மாத்திரையைக் கொடுத்துவிட்டாள். மறுநாள் மூக்கிலும் வாயிலும் ரத்தம். இந்தக் காய்ச்சலுக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்று நகரத்து ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவன் உடம்பு குளிர்ந்திருந்தது.

"விதி முடிஞ்சா மாத்திரை என்ன பண்ணும்?" என்றார் மாமனார், கை கழுவிக்கொண்டே. மருமகள் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள். வயரைத் திரும்ப மாட்டியிருந்தால் அவர் கொன்றா போட்டிருப்பார்? அந்தக் கேள்வி அவளை அரித்தது.

அடுத்த மாதம் இணையத் திட்டத்தின் ஆய்வு. அதிகாரி நேரில் வரவில்லை, கைபேசித் திரையில் வந்தார். வீட்டில் அதை இயக்கத் தெரிந்தவள் மருமகள் ஒருத்திதான். கஞ்சி போட்ட சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்த மாமனாரின் முன் அவள் கைபேசியைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாத் தெருவுக்கும் கம்பி போயிடுச்சா?"

"போகாத வீடே இல்லீங்க!"

மருமகள் கைபேசியோடு வாசலிறங்கினாள். திட்டப் பலகையைக் காட்டப் போகிறாள் என்று மாமனார் தலையாட்டினார். அவள் நேராக மதிலை ஒட்டிய சாக்கடையோரம் மண்வெட்டியோடு நின்றவளிடம் போனாள்.

"சார், இந்த அக்கா கீழத் தெரு. இவங்களைக் கேளுங்க."

அந்தப் பெண் அழவில்லை. "டாக்டரம்மா சொன்னது பாதியில நிக்குதுங்க. என் புருஷன் போயிட்டாரு. எங்க தெருவுக்குக் கம்பி வரலீங்க."

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "படம் பளிச்சுனு வருதேம்மா? குரலும் கேக்குது. அப்ப கீழத் தெருவுக்கும் இணைப்பு இருக்குன்னுதானே அர்த்தம்?"

வாசலில் மாமனார் வாய்விட்டுச் சிரித்தார்.

மருமகள் அந்தப் பெண்ணின் மண்வெட்டியை வாங்கிக் கீழே போட்டாள். "வாங்கக்கா, உங்க வீட்டுக்குப் போவோம்" என்று அவள் கையைப் பிடித்தாள். சேறு ஒட்டிய கை. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உள்ள வாடி! அந்தத் தெருவுல கால வச்ச, இந்த வீட்டுக் கதவு உனக்குக் கிடையாது!" என்று மாமனார் கத்தினார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"சார், நல்லாப் பாத்துக்கிட்டே வாங்க" என்றாள் திரையிடம். "எந்த இடத்துல நீங்க காணாமப் போறீங்களோ, அங்கதான் இவங்க தெரு ஆரம்பிக்குது."

முக்கு திரும்பியதும் அதிகாரியின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறியது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர் பாதிச் சொல்லில் உறைந்து நின்றார்.

மருமகளும் கீழத் தெருவில் வைத்த காலோடு அங்கேயே நின்றுகொண்டாள்.