ஓடிக் களைத்த மான்

கணேசலிங்கத்துக்கு வேட்டையில் எந்த ஆசையும் இருந்ததில்லை. வண்ணார்பண்ணையில் பிறந்து, அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்துவிட்டு மெல்பேர்ன் வந்தவன். மானை அவன் கறியாகச் சட்டியில்தான் கண்டிருக்கிறான். ஆனாலும் 1976ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறைக்கு மிலான் கூப்பிட்டபோது அவனால் மறுக்க முடியவில்லை.

மிலான் யூகோஸ்லாவியாக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். டான்டினோங்கில் ஒரு கார்த் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் இயந்திரத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தார்கள். கோடைகாலத்தில் ஒருநாள் கணேசலிங்கம் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டான். அச்சு கீழே இறங்கும்போது அவனுடைய கொலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தவர் மிலான். அச்சு கையை உரசியதோடு போயிற்று. அதைப் பற்றி அவர் பிறகு வாய் திறக்கவே இல்லை. மார்ச் முடியும்போது இதை மட்டும் கேட்டார்.

"என் முழங்கால் போய்விட்டது. சுட முடியும். சுட்டதைத் தூக்கிவர முடியாது. நீ வருவாயா?"

உடைந்த ஆங்கிலம்தான் இருவருக்கும் பொதுமொழி. அதில் சாக்குச் சொல்வது கடினம். கணேசலிங்கம் சரி என்றான்.

வீட்டில் மனைவி யோகராணி தடுக்கவில்லை. அவள் முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை செய்தாள். இவன் விடியப் புறப்படும்போது அவள் வந்துகொண்டிருப்பாள். கேற்றடியில் இரண்டு வார்த்தை பேசினால் அதுவே பெரிய விஷயம். மற்றதெல்லாம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய துண்டுக் கடதாசிதான். "பருப்பு இருக்கு." "தண்ணி பில் வந்திருக்கு." இப்படியே இரண்டாவது வருடமும் ஓடிக்கொண்டிருந்தது.

"போயிட்டு வாங்கோ," என்றாள். "காட்டிலயாவது நல்லா நித்திரை கொள்ளுங்கோ."

வியாழன் பின்னேரம் மிலானின் பழைய ஹோல்டனில் கிழக்கே போனார்கள். யாரம் என்ற சிற்றூரைத் தாண்டி, கடலை ஒட்டிய சதுப்புக் காட்டின் ஓரத்தில் காரை நிறுத்தி அதிலேயே படுத்தார்கள். அந்தப் பக்கத்தில் மட்டும் ஒருவகைச் சின்ன மான் உண்டு. வெள்ளைக்காரன் ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்ட இனம். கால் குட்டை. தலையைத் தாழ்த்திக்கொண்டு பற்றைக்கு அடியால் பன்றிபோல ஓடும், அதனால் பன்றிமான் என்று பெயர். ஏப்ரலில் மட்டும் சுட அனுமதி. சுட்டதை அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் காட்டிப் பதியவும் வேண்டும். மிலான் மூன்று வருடமாக வந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் இறங்கி நடந்தார்கள். கடற்காற்று முகத்தில் அடிக்கும்படி நடக்க வேண்டும் என்றார் மிலான். காற்று முதுகுப்பக்கம் திரும்பினால் மானுக்கு மனித வாடை போய்விடும். ஓர் அடி வைப்பது, நிற்பது, பார்ப்பது, பிறகு அடுத்த அடி. தேயிலை மரம் என்று அந்த நாட்டுக்காரர் சொல்லும் பற்றைக்கும் தேயிலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சுள்ளி சட்டையைக் கிழித்தது. சப்பாத்துக்குள் தண்ணீர் ஏறிக் கால் ஊறியது. அட்டை கடித்த இடத்தில் சொறியக்கூட மிலான் விடவில்லை. மணலில் இரண்டு சின்னக் குளம்புத் தடத்தைக் கண்டால் குனிந்து விரலால் தொட்டுப் பார்ப்பார். தலையாட்டுவார். மறுபடி நடப்பார்.

வாரம் முழுக்க இயந்திரத்தோடு நின்ற கால்கள். இந்த நடையில் கணேசலிங்கத்துக்கு எலும்பெல்லாம் உளைந்தது. மத்தியானத்துக்குள் அவனுக்கு மான் என்ற எண்ணமே போய்விட்டது. எங்கே சாயலாம் என்று மரங்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான்.

அப்போது மிலான் கையைத் தூக்கினார்.

சதுப்பின் விளிம்பில் ஓர் ஆண் பன்றிமான் புல் மேய்ந்துகொண்டு நின்றது. பெரிய ஆட்டுக்கிடாயளவுதான் இருக்கும். மண்ணிறம். சின்னக் கொம்பு. காதை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பியது. மிலான் ஒரு முழங்காலை ஊன்றித் துவக்கைத் தோளில் வைத்தார். நெடுநேரம் குறிபார்த்தார். வெடி தீர்ந்த அந்தக் கணத்தில் முழங்கால் ஈர மண்ணில் சரிந்தது.

மான் முதுகை வளைத்து ஒரு துள்ளுத் துள்ளியது. பிறகு தலையைத் தாழ்த்திப் பற்றைக்குள் புகுந்துவிட்டது.

மிலான் தன் மொழியில் ஏதோ சொல்லி நிலத்தில் குத்தினார். எழும்ப முடியவில்லை. கணேசலிங்கம் கைகொடுத்துத் தூக்கி மரத்தில் சாய்த்தான்.

"வயிற்றில் பட்டுவிட்டது. கெட்ட வெடி," என்றார் மிலான்.

"விட்டுவிட்டுப் போவோமா?"

"விட்டால் இரண்டு நாள் கிடந்து சாகும்." இடுப்பிலிருந்த கத்தியை உருவி நீட்டினார். "துவக்கு உனக்குப் பழக்கமில்லை, தரமாட்டேன். கொஞ்சம் பொறுத்துப் போ. உடனே போனால் ஓடும்."

கணேசலிங்கம் பொறுத்துத்தான் போனான். என்றாலும் அது ஓடியது. இலைகளில் கறுத்த இரத்தம், அதில் அரைத்த புல்லின் பச்சை. தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஓரிடத்தில் பன்னச் செடி அமுங்கி, நிலம் வெதுவெதுப்பாக இருக்கும். மான் படுத்திருந்த இடம். முன்னால் பற்றை சரசரக்கும். எழும்பிப் போய்விட்டது என்று விளங்கும். அவனும் அந்த இடத்திலேயே இருந்து மூச்சு வாங்குவான். பிறகு எழும்புவான். மறுபடியும் ஒரு படுக்கை, மறுபடியும் சரசரப்பு. ஒன்றையொன்று களைக்க வைத்துக்கொண்டு பின்னேரம்வரை இரண்டும் போயின. திரும்பிவிடலாம் என்று அவன் பலமுறை நினைத்தான். திரும்பினால் மிலானின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசியில் ஒரு பள்ளத்தில் அதைக் கண்டான். இந்தமுறை அது எழும்பவில்லை. முன்னங்காலை ஊன்றிப் பார்த்தது, முடியாமல் தலையைக் கீழே போட்டது. விலா ஏறி இறங்கியது. நாக்கு வெளியே தள்ளியிருந்தது. அவன் கிட்டப்போய் முட்டுக்காலில் இருந்தான். கோழிகூட அறுத்ததில்லை. கழுத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கத்தியை இறக்கினான். முதல் வெட்டுப் போதவில்லை. இரண்டாவதில் முடிந்தது.

பிறகு அவன் செய்ததை அவனே எதிர்பார்க்கவில்லை. அப்படியே சரிந்து மானின் முதுகோடு முதுகாகப் படுத்தான். அதன் உடம்பு இன்னும் சூடாக இருந்தது. அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் நித்திரைதான் வந்தது.

தூரத்தில் மிலான் விசிலடிக்கும் சத்தத்தில் விழித்தான். முகமெல்லாம் நுளம்பு கடித்துத் தடித்திருந்தது. மானைத் தோளில் போட்டுக்கொண்டு, நாலு கால்களையும் நெஞ்சுக்கு முன்னால் பிடித்தபடி, சத்தம் வந்த பக்கம் நடந்தான்.

மிலான் ஒரு கிளையில் அதைத் தலைகீழாகக் கட்டித் தூக்கினார். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தார். குண்டு கிழித்த குடலின் நாற்றம் எழும்பியது. கேத்தலில் கொண்டுவந்த தண்ணீரால் உள்ளே கழுவி, கெட்டுப்போன பகுதியைத் தாராளமாக வெட்டி எறிந்தார். மயிர் இறைச்சியில் ஒட்டாதபடி தோலை மெல்ல மெல்லக் கழற்றினார். அந்தக் கைகள் தொழிற்சாலையில் ஒருநாளும் இவ்வளவு பொறுமையாக அசைந்து கணேசலிங்கம் கண்டதில்லை. தொடையை அழுத்திப் பார்த்துவிட்டு அவர் விரல்களைக் காற்சட்டையில் துடைத்தார்.

"வீட்டில் இதெல்லாம் சொல்லாதே," என்றார் பிறகு. "ஒரே வெடியில் விழுந்தது என்று சொல்."

சனிக்கிழமை மத்தியானம் கணேசலிங்கம் வீட்டுக்கு வந்தபோது யோகராணி அப்போதுதான் நித்திரையால் எழும்பியிருந்தாள். நித்திரைக் குறையில் அவள் முகம் வீங்கியிருந்தது. குசினி மேசையில் பேப்பரை விரித்து, சாக்கிலிருந்து ஒரு பின்தொடையையும் தோள் சதையையும் எடுத்து வைத்தான்.

"எப்பிடிச் சுட்டவர்?"

"ஒரே வெடி. அந்த இடத்திலயே விழுந்திட்டுது."

அவள் கத்தியால் மேற்சவ்வை உரித்தாள். ஒரு துண்டை வெட்டி எடுத்துக் கையில் புரட்டினாள். அவள் காட்டை அண்டிய ஒட்டுசுட்டான் ஊர்க்காரி, தகப்பன் வேட்டைக்காரர். இறைச்சி கறுத்திருந்தது. பிசின்போல விரலில் ஒட்டியது.

"ஏனப்பா பொய் சொல்லுறியள்?" என்றாள். குரலில் கோபம் இல்லை. "இது ஓடிக் களைச்ச மான். கனநேரம் ஓடியிருக்கு. இப்பிடித்தான் கறுக்கும். லேசில வேகாது."

கணேசலிங்கம் கதிரையில் இருந்தான். எல்லாவற்றையும் சொன்னான். கத்தி முதலில் போதாமல் போனதையும், மானோடு சேர்ந்து படுத்ததையும் சொன்னான். அவள் இறைச்சி வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"கையைக் காட்டுங்கோ," என்றாள்.

சுள்ளி கிழித்த காயங்களோடு, இயந்திரத்தில் பட்ட பழைய தழும்புகளும் இருந்தன. அவற்றில் சிலதை அவள் முன்பு கண்டதில்லை. "இது எப்ப வந்தது?" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். ஒன்றைத் தொட்டபோதுதான் மிலான் கொலரைப் பிடித்து இழுத்த கதை வெளியே வந்தது. அதை அவன் அதுவரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

அவள் எழும்பித் தண்ணீர்க் குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நெடுநேரம் கை கழுவினாள்.

"திங்கட்கிழமை எனக்கு வேலை இல்லை," என்றாள் கடைசியில். "அந்த மனிசனைச் சாப்பிட வரச் சொல்லுங்கோ."

துண்டுகளை மஞ்சள், உப்பு, வினாகிரியில் பிரட்டி இரண்டு நாள் குளிரில் வைத்தாள். திங்கள் காலை கிரேக்கன் கடையில் வாங்கிய மல்லியை வறுத்தாள். ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூள் போத்தலின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது; அதையும் தட்டினாள். கறிவேப்பிலை இல்லை. தேங்காய்ப்பூவை வெந்நீரில் ஊறவைத்துப் பால் பிழிந்தாள். பிரஷர் குக்கர் விசிலடித்து விசிலடித்து ஓய்ந்தது. திறந்து பார்த்தாள், வேகவில்லை. மறுபடி மூடினாள். கணேசலிங்கம் வெங்காயம் உரித்துக்கொடுத்தான். இருவரும் ஒரே குசினியில் இவ்வளவு நேரம் நின்று எத்தனை மாதமோ.

மிலான் ஒரு ரொட்டியும் பழச்சாராயப் போத்தலுமாக நொண்டி நொண்டி வந்தார். ஒரு வாய் வைத்ததும் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"மிளகாய்," என்றார். கொஞ்சம் மென்றார். "இறைச்சியும் கடினம்."

"ஓம். ஓடின மான்," என்றாள் யோகராணி ஆங்கிலத்தில்.

மிலான் கணேசலிங்கத்தைப் பார்த்தார். சொல்லிவிட்டாயா என்று அந்தப் பார்வை கேட்டது. பிறகு தட்டைக் குனிந்து பார்த்து, "என் பிழை," என்றார். "இனிப் போகமாட்டேன். முழங்காலில் ஒப்பரேசன் செய்ய வேண்டும் என்கிறார் டொக்டர். துவக்கை நீ எடுக்கிறாயா?"

"வேண்டாம்," என்றான் கணேசலிங்கம்.

அவர் தலையாட்டினார். இரண்டாம் முறையும் கறி போட்டுச் சாப்பிட்டார். போகும்போது யோகராணி வாசலில் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். எதற்கு என்று அவள் சொல்லவில்லை. அவருக்கு விளங்கியது போல இருந்தது. சிவந்துபோன முகத்தோடு காரில் ஏறினார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் கதிரையில் சாய்ந்தாள்.

"பகல் வேலைக்கு மாறச் சொல்லி இல்லத்துப் பெரிய நேர்ஸ், மேற்றன் கேட்டவ. இரவுச் சம்பளம் கூட எண்டு வேண்டாம் எண்டு சொல்லியிருந்தனான். நாளைக்கு ஓம் எண்டு சொல்லப்போறன்."

"வீடு வாங்கிறது பிந்தும் ராணி."

"பிந்தட்டும். நான் இரவில வீட்டில நிண்டா நீங்கள் நேரத்துக்குப் படுப்பியள். உங்கட கை முழுசா வேணும்."

அவன் எழும்பி, மிஞ்சிய கறியை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு மூடினான். திரும்பிப் பார்த்தபோது அவள் கதிரையிலேயே நித்திரையாகியிருந்தாள். யன்னல் சீலையை இழுத்து வெயிலை மறைத்துவிட்டு, கழுவாத சட்டிகளை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்துக் கதிரையில் அவனும் சாய்ந்தான்.