நுரை பூசிய நாற்காலி

பிழைக்க வந்த ஊரில் கடை திறப்பது பெரிதில்லை. திறந்த கடைக்குள் ஒருத்தன் தலையை நீட்ட வேண்டுமே, அதுதான் பெரும்பாடு. முடிவெட்டுகிறவர் கத்தரியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்கள். இந்தக் கடை எழும்பாவிட்டால் பழைய முதலாளியிடமே போய்க் கைகட்டி நிற்க வேண்டும். "போறவன் எல்லாம் திரும்பி வருவான்" என்று சொல்லியனுப்பிய வாய் அது.

ஆள் இருக்கிற கடைக்குத்தான் ஆள் வரும் என்பது அவர் தொழிலில் கண்ட பாடம். அதனால் கூடவே கிளம்பி வந்திருந்த மனைவியின் தம்பியை, ஒல்லியை, நாற்காலியில் தெருவைப் பார்க்க உட்கார வைத்தார். முகம் நிறைய நுரை. கத்தி கன்னத்தில் பட்டும் படாமலும் போய்வரும். நுரை காய்ந்தால் மறுபடி பூசுவார்.

"மாமா, இருந்த மீசையும் போச்சு. அடுத்து தோலத்தான் உரிக்கணும்."

"பேசாத மாப்ளே, நுரை வாய்க்குள்ள போயிடும்."

"போகட்டும். காலைல இருந்து உள்ள போனது அது ஒண்ணுதான்."

திரைக்கு அந்தப் பக்கம்தான் குடித்தனம். அங்கிருந்து அக்காக்காரியும் சிரிப்பாள்.

போகப் போகச் சிரிப்பு வற்றியது. ஒல்லியின் கன்னம் சிவந்து புண்ணானது. ஒரு மத்தியானம் பானையின் அடியைச் சுரண்டிப் போட்டபோது அக்காவுக்கு வாய் தவறியது.

"நீ உக்காந்த நேரமோ என்னமோ, ஒரு ஈ காக்கா உள்ள வரல."

ஒல்லி தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். மறுநாள் விடிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். தூரத்து ஊரில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம்.

"ராசி இல்லாதவன் போறேன் மாமா. ஒரு வாயாவது குறையும்."

"அவ ஏதோ பசியில சொல்லிட்டா. மனசுல வைக்காத."

"பசியில பொய் வராது மாமா."

புண்ணுக்குத் தடவ ஒரு படிகாரக் கட்டியை அவன் சட்டைப்பையில் போட்டு, பஸ் ஏற்றிவிட்டு வந்தார். காலி நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எதிர்ச்சாரி டீக்கடைக்காரர் விறுவிறுவென்று வந்து அதில் உட்கார்ந்தார்.

"அப்பாடா, இன்னிக்காவது இடம் கிடைச்சுதே! எப்ப பாத்தாலும் ஒரு ஆளு நுரையோட உக்காந்திருக்கான். ஒரு சவரத்துக்கே பொழுத முழுசா முழுங்குறாரு, இங்க போனா நம்ம பொழப்பு கெட்டுடும்னு தெருவே பேசிக்குது. எனக்குச் சட்டுனு முடிச்சுவிடுங்க."

முடிவெட்டுகிறவருக்கு அப்போதுதான் உறைத்தது. ராசியில்லாதது அந்தப் பிள்ளை அல்ல, தன்னுடைய கெட்டிக்காரத்தனம். தூரிகையை எடுத்து நுரை கலக்கினார். கண்ணீர் கண்ணை மறைத்தது.

டீக்கடைக்காரர் எழுவதற்குள் வாசலில் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். குழாயடியிலிருந்து குடத்தோடு வந்த மனைவி அவர்களைக் கண்டு திகைத்தாள். அழுது வீங்கிய முகம் மலர்ந்தது.

"என்னங்க, ஆள் வந்துட்டாங்க! தம்பிக்கு ஃபோன் போடட்டா? பாதி வழியில இறங்கித் திரும்பட்டும்."

எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும், "நீ போனதும் ஆள் வந்தாங்க" என்றுதான் அவன் காதில் விழும்.

"இப்ப வேணாம்" என்றார்.

"ஏங்க?"

அவர் அவளைப் பார்க்காமல் அடுத்த ஆளை உட்காரச் சொன்னார்.